ஈரக் கூளம், கொத்தும் கோழி, தரையில் கிடக்கும் முட்டை: வாசகர் கேள்வி பதில்

கூண்டில் கோழியின் எச்சம் கம்பிக்குக் கீழே விழுந்துவிடும். தரையில் வளரும் கோழியோ அந்த எச்சத்தின் மேலேயே நடந்து, கிளறி, படுத்து வாழ்கிறது. கூண்டு செய்துவந்த வேலையை இனி வளர்ப்பவர் செய்தாக வேண்டும். இந்த இதழுக்கு நெல்லைச் சீமையிலிருந்து வந்திருக்கும் கடிதங்களில் பலவும் அந்த வேலை எங்கே விட்டுப்போகிறது என்பதைக் காட்டுகின்றன.

30-க்கு 20 அடிக் கொட்டகையில் 300 முட்டைக் கோழிகள் நிற்கின்றன. ஆலையிலிருந்து உமி வாங்கிக் கூளமாகத் தரையில் பரப்பியிருக்கிறோம். ஐப்பசி மழை தொடங்கியதும் கூளம் நசநசத்துவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் கண் எரிகிறது. ஒருவர் சொன்னாரென்று சுண்ணாம்புத் தூள் தூவினோம், வாடை கூடிப்போயிற்று. சில கோழிகள் கரகரவென்று மூச்சு விடுகின்றன. என்ன செய்ய?
– வாசகர், அம்பாசமுத்திரம்

இடம் போதும். கோழிக்கு 2 சதுர அடி கிடைக்கிறது. குறை ஈரத்தில் இருக்கிறது. ஒரு முட்டைக் கோழி நாளொன்றுக்கு 100 கிராமுக்கு மேல் எச்சமிடும். அதில் முக்கால் பங்கு தண்ணீர். அப்படியானால் உங்கள் கூளத்தில் தினமும் 22 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் இறங்குகிறது. வெயில் காலத்தில் காற்று அதை எடுத்துப் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருப்பதால் அது அங்கேயே தங்கிவிடும். ஈரமான எச்சத்தை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அம்மோனியா கிளம்புகிறது. அதுதான் உங்கள் கண்ணை எரிக்கிறது.

சுண்ணாம்பு போட்டதும் வாடை கூடியதற்குக் காரணம் உண்டு. சுண்ணாம்பு ஈரத்தைக் கொஞ்சம் இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் கூளத்தின் காரத்தன்மையை ஏற்றிவிடும். காரம் ஏறினால் கூளத்துக்குள் அடங்கியிருந்த அம்மோனியாவும் வாயுவாக வெளியேறும். எனவே கோழி நிற்கும்போது எச்சம் ஏறிய கூளத்தில் சுண்ணாம்பு தூவாதீர்கள். பழைய கூளத்தை முழுதும் அள்ளி, தரையைக் கழுவிக் காயவிட்ட பிறகு, புது உமி போடும் முன் வெறுந்தரையில் பூசுவதுதான் அதற்குரிய இடம்.

இப்போது செய்ய வேண்டியது: தண்ணீர்க் கலன்களைச் சுற்றியும், சாரல் அடிக்கும் ஓரத்திலும் கட்டி தட்டிப்போன கூளத்தை மண்வெட்டியால் வெட்டி எடுத்து வெளியே கொண்டுபோங்கள். மீதியை முள்கம்பால் அடிவரை புரட்டி, மேலே காய்ந்த உமியை 2 அங்குலத்துக்குப் பரப்புங்கள். மழை ஓயும்வரை தினமும் ஒருமுறை கிளறுங்கள். கோடையில் வாரம் இருமுறை போதும். பெரிய கோழிக்குக் கூளத்தின் மொத்த உயரம் 4 முதல் 6 அங்குலம் இருக்க வேண்டும். உங்கள் கொட்டகைக்கு 6 அங்குலம் என்றால் 300 கன அடி உமி, ஏறக்குறைய 850 கிலோ முதல் ஒரு டன் வரை பிடிக்கும். அதை ஆவணியிலேயே வாங்கித் தார்ப்பாய் போட்டு மூடிவைத்துக்கொள்ளுங்கள். மழைக்குள் வாங்கும் உமி நனைந்தே வரும். பூஞ்சை பிடித்த உமி கோழியின் நுரையீரலில் காளான் நோயை உண்டாக்கும். அதற்கு மருந்து கொடுத்துப் பயன் கிடைப்பது அரிது.

கூளத்தைச் சோதிக்க ஒரு பிடி அள்ளி இறுக்குங்கள். கையைத் திறந்ததும் மெல்ல உதிர்ந்தால் சரியான பதம். உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி. கையில் ஒட்டாமல் தூசியாகப் பறந்தால் உலர்வு மிகுதி. அதுவும் மூச்சுக்கு ஆகாது. அம்மோனியாவைப் பார்க்க நின்றுகொண்டு முகராதீர்கள். குனிந்து, கோழியின் தலை உயரத்தில் இரண்டு நிமிடம் இருந்து பாருங்கள். பத்து லட்சத்தில் 25 பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. மனித மூக்குக்கு வாடை திட்டமாகத் தெரியும்போதே அந்த வரம்பை நெருங்கியாயிற்று. நாள்தோறும் உள்ளே போகிறவருக்கு மூக்கு பழகிவிடும். ஆகவே வாரம் ஒருமுறை வெளியாள் ஒருவரை உள்ளே அழைத்துக் கேளுங்கள்.

மழைக்குப் பயந்து நான்கு பக்கமும் படுதாவை இறக்கிக் கட்டுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. காற்று வரும் பக்கம் மட்டும் இறக்குங்கள். அங்கும் மேலே ஒரு அடி திறந்திருக்கட்டும். கூரை விளிம்பு சுவரைத் தாண்டி 3 அடி நீண்டிருந்தால் படுதாவே பல நாள் தேவைப்படாது.

கரகரப்பைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அம்மோனியா மூச்சுக்குழலின் உள்மயிர்களை அழித்துவிட்டால் சளி நோய்க் கிருமிகள் எளிதில் குடியேறும். கடையில் சொல்லும் ஆன்டிபயாடிக்கைத் தண்ணீரில் கலந்துவிட்டு ஈரக் கூளத்தை அப்படியே விட்டால், மருந்து நின்ற வாரமே கரகரப்பு திரும்பும்.

தரையில் வளர்க்கும் நாட்டுக்கோழி 150 இருக்கின்றன. ஒன்றையொன்று கொத்தி முதுகில் இறகே இல்லை. இரண்டு வெடைக்கோழிகளைப் பின்புறம் கொத்தியே கொன்றுவிட்டன. மூக்கைச் சுட்டுவிடலாமா? தீவனச் செலவு தாங்காமல் லேயர் (முட்டைக் கோழி) தீவனத்தில் பாதிக்குப் பாதி மக்காச்சோளம் கலந்து போடுகிறோம்.
– வாசகர், நாங்குநேரி

உங்கள் கேள்வியின் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. லேயர் தீவனத்தில் புரதம் 17 சதவீதம் அளவுக்கு இருக்கும். மக்காச்சோளத்தில் 9 சதவீதத்துக்குள்தான். பாதிக்குப் பாதி கலந்தால் 13-க்கு இறங்கிவிடும். இறகு முழுக்க முழுக்கப் புரதம். அதற்கு வேண்டிய மெத்தியோனின் என்ற புரதக் கூறு மக்காச்சோளத்தில் மிகக் குறைவு. குறைபடும் கோழி அடுத்த கோழியின் இறகைப் பிடுங்கித் தின்னப் பழகும். தோலில் ரத்தம் கசிந்துவிட்டால் மற்றவையும் சேர்ந்துகொள்ளும்.

சுண்ணாம்புச் சத்தும் பாதியாகிவிடுகிறது. கலவையில் 1.8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 110 கிராம் தின்னும் கோழிக்கு 2 கிராம் கால்சியம்தான் கிடைக்கும். உடலில் சேர்வது அதில் ஏறக்குறைய பாதி. முட்டை ஓட்டுக்கு மட்டும் 2.2 கிராம் தேவை. நாட்டுக்கோழி தினமும் முட்டையிடாது என்பதால் கொஞ்சம் தாங்கும். லேயர் இனமாக இருந்தால் எலும்பு கரைந்து கால் மடங்கிப் படுத்துவிடும்.

செலவைக் குறைக்க வேண்டுமானால் மக்காச்சோளத்தை 15 சதவீதத்துக்குமேல் போகவிடாதீர்கள். மீதிக்கு அகத்தி, முருங்கை, வேலிமசால் கட்டுகளைக் கோழியின் தலைக்குச் சற்று மேலே தொங்கவிடுங்கள். சத்தும் சேரும், கொத்துவதற்கு ஒரு வேலையும் கிடைக்கும். கிளிஞ்சலை நொறுக்கித் தனித் தட்டில் மாலையில் வையுங்கள். ஓடு உருவாவது இரவில். அந்நேரம் இரைப்பையில் கிளிஞ்சல் துண்டு கிடந்தால் மெல்லக் கரைந்து உதவும். தூளாக இருந்தால் அதற்குள் கடந்து போய்விடும்.

கொத்துப்பட்டவற்றை இன்றே பிரித்துவையுங்கள். புண்ணில் மஞ்சள்தூளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுங்கள். வாடைக்கு மற்றவை கிட்ட வராது, ஈயும் மொய்க்காது. கொத்தும் கோழி சிலதான் இருக்கும். காலையில் திறந்ததும் அரைமணி நேரம் நின்று கவனித்தால் அகப்பட்டுவிடும். அவற்றைப் பத்து நாள் தனியே அடைத்துவைத்துத் திரும்ப விட்டால் பல நேரம் அடங்கும்.

பின்புறம் கொத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. முட்டையிட்ட சில நிமிடங்கள் கோழியின் பின்புறத்தில் சிவந்த சதை வெளியே தெரியும். முட்டையிடும் பெட்டி வெளிச்சத்தில் இருந்தால் அது மற்றவற்றின் கண்ணில் படும். பெட்டிகளைக் கொட்டகையின் இருட்டான பக்கம் வைத்து, வாயில் சாக்குத் துண்டைப் பாதி மறைப்பாகத் தொங்கவிடுங்கள்.

மூக்கைச் சுட வேண்டாம். வளர்ந்த கோழியின் அலகுக்குள் நரம்பு நிறைந்த உயிர்ச்சதை இருக்கிறது. சுட்டால் வாரக்கணக்கில் வலிக்கும், தீவனம் எடுக்காது. மேயும் கோழிக்கு அலகுதான் கை. காரணத்தை அப்படியே வைத்துக்கொண்டு அலகை மட்டும் வெட்டுவது நியாயமுமல்ல.

தண்ணீருக்கும் தீவனத்துக்கும் குறைவில்லை. சேவல் இல்லாமல் முட்டை கிடைக்குமா?
– வாசகர், முக்கூடல்

கிடைக்கும். குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். கருவில்லாத முட்டை வெயில் காலத்தில் கூடுதல் நாள் தாங்கும் என்பதால் விற்பனைக்கு அதுவே மேல். அடைவைக்க வேண்டுமானால் 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல்.

முட்டையிடும் பெட்டி வைத்தும் பாதி முட்டை மூலையிலும் கம்பி வலை ஓரத்திலும் கிடக்கிறது. எச்சம் ஒட்டிய முட்டையைக் கழுவி விற்கலாமா?
– வாசகர், திசையன்விளை

கழுவாதீர்கள். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு, மேலே ஒரு காப்புப் படலமும் உண்டு. தண்ணீர் பட்டால் படலம் போய்விடும். முட்டையைவிடக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, வெளியிலுள்ள கிருமியைத் துளைவழியே உள்ளே இழுக்கும். லேசான அழுக்கை உலர்ந்த தேங்காய் நாரால் தேய்த்து எடுங்கள். மோசமாக ஒட்டியிருந்தால் விற்காதீர்கள்.

தரையில் முட்டையிடும் பழக்கம் முதல் இரண்டு வாரத்தில் படிவது. பிறகு மாற்றுவது பெரும்பாடு. முதல் முட்டை 18 முதல் 20 வாரத்தில் வரும் என்றால் பெட்டி 16-ஆம் வாரமே உள்ளே இருக்க வேண்டும். அளவு 12 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 14 அங்குல உயரம். 5 கோழிக்கு ஒரு பெட்டி. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வைத்து, வாசலில் ஏறி நிற்க ஒரு கட்டை அடியுங்கள். உள்ளே வைக்கோலோ உமியோ 3 அங்குலம். முட்டையிடத் தொடங்கும் காலத்தில் மட்டும் தரைக் கூளத்தை 2, 3 அங்குலத்துக்குக் குறைத்துவையுங்கள். வெளியே மெத்தென்றிருந்தால் கோழி பெட்டியைத் தேடாது.

மூலைகளில் செங்கல்லை அடுக்கியோ சரிவாகப் பலகை வைத்தோ நிரப்பிவிடுங்கள். இரவில் பயந்து மூலையில் குவிந்து மூச்சுமுட்டிச் சாவதும் இதனால் நிற்கும். பெரும்பாலான முட்டை விடியலிலிருந்து பத்து, பதினொரு மணிக்குள் வந்துவிடும். அந்நேரத்தில் மணிக்கொருமுறை போய்த் தரை முட்டையை எடுத்துவிடுங்கள். ஒன்று கிடந்தால் அதைப் பார்த்து இன்னொன்று அங்கேயே இடும். பெட்டிக்குள் சாயமடிக்காத மர முட்டை ஒன்றை வைப்பது நல்ல உபாயம். இரவில் பெட்டி வாசலை மூடுங்கள். இல்லாவிட்டால் உள்ளேயே உறங்கி எச்சமிடும்.

நான்கு வாரக் குஞ்சுகள் ரத்தமாகக் கழிகின்றன. இறகைச் சிலிர்த்துக்கொண்டு சுணங்கி நிற்கின்றன. வைட்டமின் டானிக் கொடுத்துப் பார்த்தோம், நிற்கவில்லை.
– வாசகர், ராதாபுரம்

3 முதல் 6 வார வயதில் ரத்தக்கழிச்சல் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காக்சிடியோசிஸ் என்ற குடல் கிருமி நோய். செத்த குஞ்சு ஒன்றை உடனே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குருட்டுக்குடல் இரண்டும் ரத்தத்தால் புடைத்திருந்தால் உறுதி. மருந்து ஆம்புரோலியம். 20 சதவீதத் தூளாகக் கிடைப்பதில் லிட்டருக்கு 0.6 கிராம் வீதம் 3 முதல் 5 நாள், வேறு தண்ணீர் வைக்காமல் கொடுப்பது வழக்கம். நோய் கடுமையாக இருந்தால் மருத்துவர் இரட்டிப்பார். அதன்பின் பாதி அளவு ஒன்றிரண்டு வாரம். இந்த மருந்து வைட்டமின் பி1-ஐ ஒட்டிய வடிவம் கொண்டது. கிருமிக்கு அந்த வைட்டமின் போகாமல் தடுப்பதே அதன் வேலை. எனவே மருந்து ஓடும் நாட்களில் பி-காம்ப்ளக்ஸ் டானிக்கை நிறுத்திவிடுங்கள்.

இக்கிருமியின் முட்டை எச்சத்தோடு வெளியே வந்ததும் நோய் தருவதில்லை. வெதுவெதுப்பும் ஈரமும் காற்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முற்றி, அப்புறம்தான் தொற்றும். கூளம் காய்ந்திருந்தால் முற்றுவது மிகக் குறையும். வழக்கமான பினாயில் வகைகள் இதை அழிப்பதில்லை. தண்ணீர்க் கலனைக் குஞ்சின் முதுகு மட்டத்துக்கு உயர்த்தினாலே சிந்துவது பாதியாகும். கலனுக்கடியில் ஓர் அடுக்கு ஜல்லி, அதன்மேல் கம்பி வலைச் சட்டம் வைத்தால் ஈரத்தில் குஞ்சு கால் படாது.

ராத்திரி கோழிகள் பரணில் ஏறமாட்டேன் என்கின்றன. கொண்டை வெளுத்து முட்டை குறைந்துவிட்டது. பகலில் பார்த்தால் உடம்பில் ஒன்றும் தெரியவில்லை.
– வாசகர், களக்காடு

இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச்சோடு போய்ப் பரண் கம்பின் அடிப்பக்கத்தையும் அது சுவரில் செருகும் பொந்தையும் பாருங்கள். பொடிப்பொடியாகச் சிவந்து நகர்ந்தால் அது சிவப்புச் செள்ளு. வெள்ளைத் தாளை வைத்து நசுக்கினால் ரத்தக் கறை தெரியும். பகலெல்லாம் இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் மட்டும் ரத்தம் உறிஞ்சும். அதனால்தான் பகலில் கோழி உடம்பில் தேடிப் பயனில்லை. முட்டை பொரிந்து மறுபடி முட்டையிட 7 முதல் 10 நாள் போதும். ரத்தமில்லாமலும் மாதக்கணக்கில் உயிர்தாங்கும்.

ஆகவே வேலையை இடுக்கில் காட்டுங்கள். பரணைக் கழற்றி வெளியே எடுத்துக் கொதிநீர் ஊற்றி வெயிலில் போடுங்கள். சுவர்ப் பொந்தைச் சிமெண்டால் அடையுங்கள். பட்டை உரியும் கம்பு வேண்டாம். பட்டை நீக்கி இழைத்த வேப்பங்கம்பு, ஒன்றரை முதல் இரண்டு அங்குலத் தடிமன், விளிம்பு மழுக்கியது போதும். கம்பின் முனைகளைச் சுவரில் செருகாமல் கால் நட்டு நிறுத்தி, காலடியில் எண்ணெய்க் கிண்ணம் வைத்தால் ஏறும் வழி அடைபடும். மருந்து தெளிப்பதானால் மருத்துவர் சொல்லும் மருந்தை, கோழியையும் தீவனத்தையும் முட்டையையும் வெளியேற்றிவிட்டு இடுக்குகளுக்கு மட்டும் அடியுங்கள். 7 நாள் இடைவெளியில் மூன்று முறை. ஒருமுறையோடு விட்டால் பொரிந்துவரும் குஞ்சு தப்பிவிடும்.

கொண்டையிலும் கண்ணோரத்திலும் கருப்பாக அப்பிக்கொண்டு அசையாமல் இருப்பது வேறு வகை. அதற்கு வேப்பெண்ணெய் தடவினால் மூச்சடைத்து விழும்; கண்ணுக்குள் படாமல் தடவுங்கள். இரண்டுக்கும் மண்குளியல் துணை செய்யும். 3-க்கு 2 அடித் தொட்டியில் ஓர் அடி ஆழத்துக்கு நன்கு காய்ந்த செம்மணலும் விறகுச் சாம்பலும் கலந்து, மழை படாத இடத்தில் வையுங்கள். உங்கள் மாவட்டத்துத் தேரி மணல் இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கும்.

சித்திரை வெயிலில் மத்தியானம் கோழிகள் செத்து விழுகின்றன. தண்ணீர் எந்நேரமும் இருக்கிறது.
– வாசகர், மானூர்

தண்ணீர் இருக்கிறது, அது குடிக்கும்படி இருக்கிறதா என்று கைவிட்டுப் பாருங்கள். கூரைமேல் வெயிலில் நிற்கும் கருப்புத் தொட்டியின் தண்ணீர் ஒரு மணிக்குக் கை சுடும். கோழி அதைத் தொடாது. தொட்டியை நிழலுக்கு மாற்றி ஈரச் சாக்கு சுற்றுங்கள். 12 மணிக்கும் 2 மணிக்கும் குழாயில் நிற்கும் சூட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுங்கள்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை ஆற்றும். தின்ற தீவனம் செரிக்கும்போதும் உடம்பில் சூடு பிறக்கும். காலை 10 மணிக்குமேல் தின்றால் அந்தச் சூடு உச்சி வெயிலோடு சேர்ந்துகொள்ளும். எனவே விடியற்காலை 5 மணிக்கும் மாலை 5 மணிக்கும் தீவனம் வைத்து, 10 முதல் 4 வரை தட்டை உயர்த்திவிடுங்கள். தகரக் கூரைமேல் பனையோலை வேய்ந்து தண்ணீர் தெளியுங்கள். உங்கள் ஊர்ச் சித்திரைக் காற்று காய்ந்தது. ஆகவே பனித்தூவல் போன்ற தெளிப்பு கொட்டகைக்குள்ளும் நன்றாக வேலை செய்யும். கூளம் நனைந்தால் உடனே நிறுத்துங்கள். மத்தியானம் கோழியை விரட்டவோ பிடிக்கவோ ஊசி போடவோ கூடாது.

புதிதாகக் கட்டுபவர்கள் நீளப் பக்கம் கிழக்கு மேற்காக ஓடும்படி கட்டுங்கள். அகலம் 25 அடியைத் தாண்ட வேண்டாம். அதற்குமேல் போனால் நடுவில் காற்று செத்துவிடும்.

நாமக்கல் பக்கமிருந்து முட்டை ஓய்ந்த கூண்டுக் கோழிகளை மலிவாக வாங்கித் தரையில் விடலாமா? எத்தனைக்கு எவ்வளவு இடம் என்று சட்டம் ஏதும் உண்டா?
– வாசகர், பாளையங்கோட்டை

விடலாம், ஆனால் அவை தரையை அறியாதவை என்பதை மனத்தில் கொள்ளுங்கள். 72 வாரத்துக்குமேல் கூண்டில் நின்ற கோழிக்கு எலும்பு தேய்ந்திருக்கும். இரண்டு காலையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினால் தொடை எலும்பு முறியும். இறக்கையோடு சேர்த்து உடலை இரு கையால் அணைத்துத் தூக்குங்கள். முதல் மாதம் பரண் ஓர் அடி உயரத்துக்குமேல் வேண்டாம். குதித்தால் மார்பெலும்பு விரிசல் விடும். நிப்பிளில் (அலகால் தட்டினால் சொட்டும் குழாய் முனையில்) குடித்துப் பழகியவை திறந்த கலனைத் தண்ணீர் என்றே அறியாமல் நிற்கலாம். முதல் நாள் சிலவற்றின் அலகை நனைத்துக் காட்டுங்கள். அலகு வெட்டப்பட்டிருக்கும் என்பதால் தரையில் இறைத்த தானியத்தைப் பொறுக்க வராது, ஆழமான தட்டில் வையுங்கள். குடற்புழுவும் ரத்தக்கழிச்சலும் அவற்றுக்குப் புதிது. பழைய கோழிகளோடு 3 வாரம் சேர்க்காதீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999-ஆம் ஆண்டு நெறிமுறை பழைய வகைக் கூண்டை 2012 முதல் தடை செய்தது. கூண்டில்லா வளர்ப்புக்குச் சதுர மீட்டருக்கு 9 கோழி, கோழிக்கு 15 செ.மீ. பரண், 7 கோழிக்கு ஒரு பெட்டி என்பது அதன் கணக்கு. நம் நாட்டில் சட்ட ஆணையம் 2017-இல் தன் 269-ஆவது அறிக்கையில் முட்டைக் கோழிகளின் இருப்பிடம் பற்றிப் பரிந்துரைகள் தந்தது. ஐரோப்பாவின் 9 என்ற எண்ணை நெல்லை வெயிலுக்குக் கொண்டுவராதீர்கள். இங்கே சதுர மீட்டருக்கு 5 போதும்.

வெள்ளைக்கழிச்சலுக்குத் தண்ணீரில் தடுப்பு மருந்து கொடுத்தும் கோழிகள் செத்தன. மருந்து பலிக்காதா?
– வாசகர், சேரன்மகாதேவி

மருந்து உயிருள்ள வைரஸ். கொடுக்கும் வழியில் அது செத்துப்போயிருந்தால் பலிக்காது. குழாயில் வரும் குடிநீரில் குளோரின் இருக்கும். அது சில நிமிடத்தில் வைரஸை அழித்துவிடும். கிணற்று நீரோ, கொதிக்கவைத்து ஆறிய நீரோ எடுங்கள். லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்தூள் கலந்து கால்மணி நேரம் விட்டு, பிறகு மருந்தைச் சேருங்கள். கடையிலிருந்து ஐஸ் போட்ட பிளாஸ்கில்தான் வர வேண்டும். அதிகாலையில் 2 மணி நேரம் தண்ணீரை நிறுத்திவைத்த பின் கொடுத்தால் எல்லாம் ஆவலோடு குடிக்கும். 1,000 குஞ்சுக்கு அவற்றின் வயது எத்தனை நாளோ அத்தனை லிட்டர் என்பது எளிய கணக்கு. 28 நாள் வயதில் 100 குஞ்சுக்கு 2.8 லிட்டர். கலக்கிய மருந்து 2 மணி நேரத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும்.

முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டு, 4-ஆம் வாரத்தில் லசோட்டா என்ற தடுப்பு மருந்து தண்ணீரில், 8-ஆம் வாரத்தில் ஆர்2பி என்ற தடுப்பூசி தோலுக்கடியில் 0.5 மி.லி. என்பது வழக்கமான வரிசை. ஆர்2பி-க்கு ஒரு வாரம் முன் குடற்புழு நீக்குங்கள். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை இருவார முகாம் நடத்தி இலவசமாகப் போடுகிறது. ஏற்கெனவே சுணங்கி நிற்கும் கோழிக்குப் போடாதீர்கள். சந்தேகம் இருந்தால் இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குச் செத்த கோழியை அன்றே, அழுகும் முன், ஐஸ் வைத்துக் கொண்டுபோங்கள். காலிக் குப்பியையும் மீந்த மருந்தையும் கொதிக்கவைத்துப் புதைத்துவிடுங்கள்.